எறங்கிருச்சு

மூன்றாவது முறையாகப் பேச்சியம்மா அத்தை வெள்ளைத் துணியை இழுத்து அம்மாவின் முகத்தை மூடினாள். தோட்டத்தின் மேல் டிவிஷனிலிருந்து வந்த இரண்டு பெண்கள் பெட்டியருகே வந்து, அழுவதற்கு வாயைத் திறந்து, அழாமலே மூடிக்கொண்டு நின்றார்கள். ஒருத்தி திரும்பித் தனுஜாவிடம் மெல்லக் கேட்டாள்.

"இது நம்ம நாகலெச்சுமிதானா புள்ள?"

அவள்மேல் கோபப்பட முடியாது. காலையில் ஆஸ்பத்திரியிலிருந்து பெட்டி வந்து மூடியைத் திறந்தபோது தனுஜாவுக்கே, யாரையோ மாற்றி அனுப்பிவிட்டார்கள் என்றுதான் தோன்றியது. ஒரு நொடி சந்தோஷமாகக்கூட இருந்தது. அப்புறம் காதிலிருந்த சிவப்புக்கல் தோட்டைப் பார்த்தாள்.

நேற்றுக் காலை பத்து மணிக்கு அம்மா ஏழாம் நம்பர் மலையில் கொழுந்து பறித்துக்கொண்டிருந்தாள். நிழல்மரத்திலிருந்த குளவிக்கூடு கலைந்தது. மற்றவர்கள் கூடையை உதறிவிட்டு ஓடினார்கள். அம்மாவின் கூடைக்கயிறு தேயிலைச் செடியின் வாதில் மாட்டிக்கொண்டது. கால் மணி நேரம்கூடத் தாங்கவில்லை என்றார்கள். நாற்பத்தேழு வயது. காலையில் போகும்போது, "அந்தப் பருப்ப ஊறப் போட்று" என்று சொல்லிவிட்டுப் போனாள். பருப்பு இன்னும் ஊறிக்கொண்டுதான் இருந்தது. அதைக் கொட்டுவதா சமைப்பதா என்று தனுஜாவுக்குத் தெரியவில்லை. கண்ணீர் வரவில்லை. நேற்றிலிருந்து நாலு தடவை தேத்தண்ணீர்க் கோப்பைகளைக் கழுவிவிட்டாள்.

இமை வீங்கி, உதடு வீங்கி, மூக்கைத் தேடவேண்டிய முகமாகிவிட்டது. பார்க்க வந்தவர்களுக்கு அழத் தெரியவில்லை. யாரென்று தெரியாத ஒருத்திக்காக எப்படி ஒப்பாரி வைப்பது? தப்படிக்கிறவர்கள்கூட வெளியே கைகட்டி நின்றார்கள்.

இஸ்தோப்புத் திண்ணையில் சுவரோடு சாய்ந்திருந்த அப்பா கணேசமூர்த்தி, காலையிலிருந்து முதல்முறையாக வாயைத் திறந்தார்.

"மொகமே இல்லாம எப்பிடி மண்ணுக்குள்ள விடுறது?"

அடையாள அட்டைக்கு எடுத்த படம் ஒன்று இருந்தது. தபால்தலை அளவில், பன்னிரண்டு வருஷத்துக்கு முந்தியது. மழையில் நனைந்து அதில் கழுத்து மட்டும்தான் மிச்சம். கல்யாணத்துக்குப் படமே எடுக்கவில்லை. அப்போதுதான் தனுஜாவுக்கு முருகன் படத்துக்குப் பின்னால் இருந்த சீடித் தட்டு ஞாபகம் வந்தது.

பொங்கலுக்குக் கத்தாரிலிருந்து லீவில் வந்த அண்ணன் கிஷாந்த், புதுக் கேமராவால் அம்மாவை லயத்து வீட்டு வாசலில் நிற்க வைத்து ஒரு படம் எடுத்தான். திரும்பிப் போன பிறகு அதை மெயிலில் அனுப்பினான். தனுஜா அம்மாவையும் கூட்டிக்கொண்டு கொட்டகலைக் கடைவீதிக்குப் போய், குகநேசனின் கொம்யூனிகேஷன் கடையில் உட்கார்ந்து அதை இறக்கி, சீடியில் போட்டு வாங்கிக்கொண்டு வந்தாள். வீட்டில் கம்ப்யூட்டரா இருக்கிறது? திறந்து பார்க்க வழியில்லை. அம்மா அந்தத் தட்டை உறையிலிருந்து எடுத்து, பளபளக்கும் பக்கத்தைத் திருப்பிப் பார்த்தாள். அதில் அவள் முகம் தெரிந்தது.

"ஆமாண்டி, நல்லாத்தான் எறங்கியிருக்கு" என்றாள்.

அது கண்ணாடி போலத் தெரிகிறது, படம் வேறு என்று எத்தனை சொல்லியும் அவள் விடவில்லை. வருகிறவர்களுக்கெல்லாம் தட்டை எடுத்துக் காட்டுவாள். காலையில் வேலைக்குப் பேர் கொடுக்கும் பெரட்டுக்குப் போகும் அவசரத்தில் அதைப் பார்த்துத்தான் பொட்டு வைத்துக்கொள்வாள். இன்றைக்கும் அதன் ஓரத்தில் குங்குமம் ஒட்டியிருந்தது.

"பொணம் கெடக்கையில பொம்பளப் புள்ள டவுனுக்குப் போறதாடி?" என்று பேச்சியம்மா அத்தை மறித்தாள். "தட்ட யார்கிட்டயாவது குடுத்தனுப்பு."

"நானே போறேன் அத்தை."

"மூனு மணிக்கு எடுக்கணும். மழைக்கு முன்னாடி எடுத்துறணும். ஒங்கப்பன் இருக்க நெலமையில நீயும் இல்லாட்டி..."

தனுஜா செருப்பை மாட்டினாள். உண்மையைச் சொன்னால், அந்த முகத்துக்குப் பக்கத்தில் அவளால் இருக்க முடியவில்லை. தன் அம்மாவைப் பார்த்தே பயப்படுகிறோம் என்று வெட்கமாக இருந்தது. ஆட்டோவில் ஏறும்போது மணி பதினொன்றே முக்கால்.

குகநேசன் யாழ்ப்பாணத்து ஆள். தொண்ணூற்றைந்தில் ஊரைவிட்டு வந்தவர், கொட்டகலையில் ஒரு கம்ப்யூட்டரும் ஒரு டெலிபோன் கூண்டும் ஒரு பிரிண்டரும் போட்டு உட்கார்ந்துவிட்டார். செய்தி அவருக்கு முன்பே எட்டியிருந்தது. எழுந்து நின்றார்.

"பிள்ளை, நீங்கள் ஏன் வந்தனீங்கள்? சொல்லி அனுப்பியிருந்தா நான் வந்திருப்பன்."

"இதுல அம்மா போட்டோ இருக்குங்க. பெருசா ஒன்னு அடிச்சுக் குடுங்க. தலமாட்டுல வைக்கணும்."

அவர் தட்டைச் செருகினார். படம் திரையில் மேலிருந்து கீழாக விரிந்தது. லயத்துக் கூரைத் தகரம். நடுவகிடு. நெற்றி, பொட்டு. வெயிலுக்குச் சுருக்கிய கண்கள். அம்மாதான். வீங்காத அம்மா. மூக்கு ஆரம்பிக்கிற இடத்தோடு படம் நின்றுவிட்டது. அதற்குக் கீழே வெறும் சாம்பல் நிறம்.

"இது என்ன?" என்றார் குகநேசன், தனக்குத்தானே. மூடித் திறந்தார். அதே பாதி. வேறொரு முறையில் திறந்தார். அதே பாதி.

ஏழு மாதமாக முருகனுக்குப் பின்னால் இருந்தது பாதி முகம்தான்.

நேற்றுச் சாயந்திரம் தோட்டத்து ஒபீசிலிருந்து தனுஜா கிஷாந்தோடு பேசியபோது, அழுகைக்கு நடுவில் அவன் அதைத்தான் கேட்டான். 'அந்தப் போட்டோ ஒன்கிட்ட பத்திரமா இருக்குல்ல? நீ எறங்கிருச்சுன்னு சொன்னதும் நான் கேமராவுல அழிச்சிட்டேன்.' இருக்குண்ணே என்று சொல்லியிருந்தாள். எவ்வளவு தெளிவாகச் சொன்னாள்.

"மெயில்ல இன்னும் இருக்கும்" என்றாள். "திரும்ப எறக்கலாம்."

இருந்தது. தேதியும் அண்ணன் பெயரும் பக்கத்தில் ஒரு சின்னக் காகிதப் பின் அடையாளமும். அதை அழுத்தினாள். திரையில் பெட்டி ஒன்று திறந்தது. பச்சைக் கட்டங்கள் ஒவ்வொன்றாக நிரம்பத் தொடங்கின. இரண்டு நிமிஷம். மூன்று நிமிஷம். பாதி வழியில் கட்டங்கள் சட்டென்று மொத்தமாக நிரம்பின. முடிந்தது என்று சொல்லிவிட்டுப் பெட்டி தானாக மூடிக்கொண்டது. திட்டு இல்லை, எச்சரிக்கை இல்லை, ஒரு டிங் சத்தம்கூட இல்லை.

திறந்தார்கள். இந்த முறை புருவம் வரைக்கும்தான் இருந்தது.

"முடிஞ்சுது எண்டு சொல்லிச்சுதே" என்று குகநேசன் திரையை முறைத்தார். இன்னொரு தடவை. இந்த முறை மூக்குத்தி வரை. மறுபடியும் முடிந்தது என்று சொல்லிற்று, வெட்கமில்லாமல். சுவர்க் கடிகாரத்தில் பன்னிரண்டே முக்கால்.

குகநேசன் மூக்குக்கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு, மெயிலில் படத்துக்குப் பக்கத்தில் சின்ன எழுத்தில் இருந்த அளவைப் படித்தார். தொள்ளாயிரத்து நாற்பது. பிறகு கம்ப்யூட்டரில் வந்து சேர்ந்த படத்தின் அளவைப் பார்த்தார். நானூற்றுப் பத்து.

"இஞ்ச பாருங்கோ. அங்க இருந்து வெளிக்கிட்டது இவ்வளவு. வந்து சேந்தது இவ்வளவுதான். நான் ஒருநாளும் இந்த எண்ணைப் பாக்கிறேல்லை, பிள்ளை. முடிஞ்சுது எண்டா முடிஞ்சுது எண்டுதான் நினைச்சனான்."

தனுஜாவுக்குக் கொழுந்து நிறுக்கும் மடுவம் ஞாபகம் வந்தது. அங்கே மற்றப் பெண்கள், கணக்கப்பிள்ளை சொன்ன எடையைத் தலையாட்டி வாங்கிக்கொண்டு போவார்கள். அம்மா மட்டும் குனிந்து தராசு முள்ளைத் தன் கண்ணால் பார்த்த பிறகுதான் சாக்கை விடுவாள். அவர் முகம் சுளிப்பார். "ஏன், நான் பொய்யா சொல்றேன்?" "நீங்க சொல்றது சரிங்க, முள்ளு என்ன சொல்லுதுன்னு பாக்குறேன்" என்பாள் அம்மா. தனுஜா அந்த இடத்தில் நிற்கக் கூச்சப்பட்டு விலகி நின்றிருக்கிறாள்.

மூன்றாம் முறை இறக்கத் தொடங்கினார்கள். கண்ணெடுக்காமல் பச்சைக் கட்டங்களையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். அப்போது வெளியிலிருந்து ஓர் ஆள் குடையை மடக்கிக்கொண்டு வந்தான். "கொழும்புக்கு ஒரு கோல் அண்ணே" என்றபடி கூண்டுக்குள் போய் ரிசீவரை எடுத்தான்.

கட்டங்கள் சட்டென்று நிரம்பின. முடிந்தது.

குகநேசன் கூண்டைப் பார்த்தார். திரையைப் பார்த்தார். மறுபடி கூண்டைப் பார்த்தார்.

"தம்பி, வையுங்கோ! வையுங்கோ போனை!"

அந்த ஆள் பயந்துபோய் ரிசீவரை வைத்துவிட்டு, சொல்லாமல் கொள்ளாமல் வெளியே போய்விட்டான்.

"ஒரு லைன்தான் பிள்ளை, இதுக்கும் அதுக்கும். போனை எடுத்தா இன்டர்நெட் அறுபடும், பிறகு தானா வந்து சேரும், அது எனக்குத் தெரியும். அறுந்தா அறுந்துபோச்சு எண்டு இது சொல்லும் எண்டு நினைச்சன். இது, வந்தவரைக்கும் சரி எண்டு மூடி வைக்குது." அவர் எழுந்து கூண்டுக்குள் போய்ச் சுவரிலிருந்து வயரைப் பிடுங்கினார். "இண்டைக்கு முந்தின ரெண்டு தரமும் ஆக்கள் வந்து கோல் எடுத்தவை. அண்டைக்கும் ஆரோ போனை எடுத்திருப்பினம். உங்கட அம்மாவோட வந்தீங்களே, அண்டைக்கு."

அன்றைக்குக் கடையில் வேறு யாரும் இருக்கவில்லை.

தனுஜா இதே நாற்காலியில், கூண்டுக்கு முதுகு காட்டி உட்கார்ந்திருந்தாள். குகநேசன் வாசலில் யாருடனோ பேசிக்கொண்டிருந்தார். அம்மா பின்னால் நின்று அரித்துக்கொண்டிருந்தாள். "எங்கேர்ந்துடி வருது?" "கத்தார்லேர்ந்தும்மா." "எதுல வருது?" "இந்தப் போன் வயர்லதான்." "அப்ப அவந்தான் அந்தப் பக்கம் நின்னு எறக்குறானா?" தொல்லை தாங்காமல், ஆமாம்மா, ஆமாம் என்று சொல்லிவைத்தாள். அம்மாவின் சத்தம் கொஞ்ச நேரம் இல்லை. பிறகு கூண்டுக்குள்ளிருந்து கேட்டது.

"தம்பி... கிஷாந்து... பதனமா எறக்குய்யா. மெதுவா."

தனுஜா திரும்பிப் பார்த்தாள். அம்மா ரிசீவரைக் காதிலிருந்து தள்ளிப் பிடித்துக்கொண்டு, கண்ணை அகல விரித்துச் சிரித்தாள்.

"என்னாடி இது, உள்ள குளவிக்கூடு கலைஞ்ச மாதிரி இரையுது!"

"ஏம்மா கண்டதையும் தொடுற? வை மொதல்ல." எரிச்சலோடு திரைக்குத் திரும்பினாள். பெட்டி மூடியிருந்தது. எல்லாம் முடிந்திருந்தது. "எறங்கிருச்சு, வா போவோம்."

அவ்வளவுதான் நடந்தது.

"என்ன பிள்ளை?" என்றார் குகநேசன்.

தனுஜா மேசை விளிம்பைப் பிடித்துக்கொண்டிருந்தாள். காதுக்குள் அந்த இரைச்சல் கேட்டது. குளவி என்று சொன்னாளே, சிரித்துக்கொண்டே சொன்னாளே என்று நெஞ்சு திரும்பத் திரும்ப அடித்துக்கொண்டது. இதைச் சொன்னால் அவர் என்ன செய்வார், பாவம்.

"ஒன்னுமில்லைங்க. எறக்குவோம்."

மழை பிடித்துக்கொண்டது. குகநேசன் கடைக் கதவைச் சாத்தி, கூண்டுக்கு முன்னால் காவல்காரரைப் போல நின்றார், வயர் பிடுங்கப்பட்டிருந்தும். ஐந்து நிமிஷம். எட்டு நிமிஷம். கடைசிக் கட்டம் தன் நேரத்துக்குத்தான் நிரம்பியது. முடிந்தது என்று வந்ததும் இருவரும் படத்தைத் திறக்கவில்லை. முதலில் எண்ணைப் பார்த்தார்கள்.

தொள்ளாயிரத்து நாற்பது.

படம் விரிந்தது. கூரை, நெற்றி, கண், மூக்குத்தி. அதற்குக் கீழே உதடு இல்லை. அம்மாவின் கை இருந்தது. படம் எடுக்கும்போது வெட்கப்பட்டு வாயைப் பொத்திக்கொண்டு சிரித்திருக்கிறாள். கொழுந்துக்கறை ஏறிக் கறுத்த விரல் நுனிகள் ஐந்தும் முகத்தின் பாதியை மூடியிருந்தன. இவ்வளவு பாடுபட்டு வாங்கிய பாதியில் இந்தக் கைதான் இருந்தது.

குகநேசன் சங்கடப்பட்டார். "முகம் வடிவாத் தெரியேல்லையே பிள்ளை. கண்ணை மட்டும் வெட்டி எடுத்துப் பெருசாக்கட்டோ?"

"வேணாங்க. முழுசா அடிங்க."

பொலித்தீன் உறையில் போட்ட படத்தை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு அவள் லயத்துக்கு வந்து சேர்ந்தபோது மணி இரண்டே கால். பெட்டியின் தலைமாட்டில் மண்ணெண்ணெய் டின் ஒன்றைக் கவிழ்த்து, அதன்மேல் படத்தைச் சாய்த்து வைத்தாள். பேச்சியம்மா அத்தை குனிந்து பார்த்தாள். பிறகு அவள் கை தானாக உயர்ந்து தன் வாயைப் பொத்திக்கொண்டது, படத்தில் இருப்பதைப் போலவே.

"அய்யோ... இவதான்... எஞ்சிரிப்பாணி! வாயப் பொத்திக்கிட்டுல்ல நிக்கிறா!"

லயம் முழுவதும் ஒரே நேரத்தில் வெடித்தது. காலையிலிருந்து கைகட்டி நின்ற பெண்களெல்லாம் பெட்டியைச் சுற்றி விழுந்தார்கள். நாகலெச்சுமி, நாகலெச்சுமி என்று பேர் சொல்லி அழுதார்கள். வெளியே தப்பு முழங்கியது. அப்பா உள்ளே வந்து படத்தையும் பார்த்தார், துணியை விலக்கிப் பெட்டிக்குள்ளும் பார்த்தார். இரண்டும் ஒருத்திதான் என்று அப்போதுதான் அவருக்கு விளங்கியிருக்க வேண்டும். பெட்டிக்குள் கையை விட்டு, வீங்கிய அந்தக் கன்னத்தைத் தடவிக்கொண்டே இருந்தார். தனுஜாவுக்கு மட்டும் அழுகை வரவில்லை.

மூன்று மணிக்கு எடுத்தார்கள். படத்தைத் தூக்கிக்கொண்டு முன்னால் நடந்தது தனுஜாதான். வழக்கமாகப் பெண்கள் நிற்கிற பாலத்தடியில் மற்றவர்கள் நின்றுகொண்டார்கள். "தனுஜா, பொம்பளைங்க இதோட நிக்கணும்" என்று அத்தை கூப்பிட்டது காதில் விழுந்தது. அவள் நிற்கவில்லை. அப்பா திரும்பிப் பார்த்துவிட்டு, "வரட்டும்" என்றார்.

மேட்டில் மண் சிவப்பாக வழுக்கியது. மழை தூறலாகக் குறைந்திருந்தது. சடங்கு செய்யவேண்டிய மகன் கத்தாரில் இருந்ததால் அப்பாவே எல்லாவற்றையும் செய்தார். நாலு பேர் பெட்டிக்குக் கீழே இரண்டு கயிறுகளை விட்டு, குழிக்குமேல் தூக்கிப் பிடித்தார்கள்.

"மெதுவா... மெதுவா விடுங்கப்பா. பதனமா எறக்குங்க."

சொன்னது கந்தப்பன் மாமா. அந்த வார்த்தைக்குத் தனுஜா நிமிர்ந்தாள். கயிறு கைகளில் உரசிக்கொண்டு கீழே போயிற்று. பெட்டி கண்ணிலிருந்து மறைந்தது. உள்ளே தொப்பென்று ஒரு சத்தம்.

"எறங்கிருச்சு" என்றார் மாமா. கயிற்றை உருவக் குனிந்தார்கள். சுற்றி நின்றவர்கள் மண்ணை அள்ளினார்கள்.

"இருங்க மாமா."

எல்லாரும் அப்படியே நின்றார்கள். தனுஜா படத்தை மார்போடு பிடித்துக்கொண்டு குழியின் விளிம்பில் மண்டியிட்டாள். மண் சரிந்தது. யாரோ அவள் தோளைப் பிடித்தார்கள். அவள் குனிந்து உள்ளே பார்த்தாள். தலைப்பக்கம் பார்த்தாள். கால்பக்கம் பார்த்தாள்.

"கால்பக்கம் இன்னும் எறங்கல. வேர்ல நிக்குது."

"என்ன புள்ள நீ, எறங்கிருச்சும்மா..." என்று தொடங்கிய மாமா, தானும் குனிந்து பார்த்துவிட்டுப் பேச்சை நிறுத்தினார். பழைய தேயிலை வேர் ஒன்று பக்கச் சுவரிலிருந்து நீட்டிக்கொண்டிருந்தது. பெட்டியின் கால்மாடு அதன்மேல் ஒரு சாண் உயரத்தில் நின்றது. ஒருவர் உள்ளே இறங்கிக் கத்தியால் வேரை வெட்டினார். மறுபடி தூக்கினார்கள். மறுபடி விட்டார்கள். இந்த முறை சத்தமே வரவில்லை. நாலு கைகளிலும் கயிறு தளர்ந்தது.

"இப்ப பாரு புள்ள" என்றார் மாமா.

தனுஜா பார்த்தாள். நாலு மூலையையும் பார்த்தாள். பொலித்தீன்மேல் விழுந்த தூறலை, அம்மாவின் கை இருக்கிற இடத்தில், முந்தானையால் ஒற்றி எடுத்தாள். எறங்கிருச்சு என்று அவள் சொல்லவில்லை. பிடிமண்ணோடு நின்ற ஆண்களெல்லாம், அப்பாவும், அவள் வாயையே பார்த்துக்கொண்டு நின்றார்கள்.